சத்தி வந்த ஞாயிறு

எனக்குத் தமிழ் தெரியும் என்று பிறரிடம் சொல்லிக்கொள்ளும் தைரியம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டே கால் மணியோடு போய்விட்டது. இத்தனைக்கும் மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. புது குக்கர் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, ‘ஆவி வெளியேறும்போது முகத்தை அருகில் கொண்டு செல்லற்க’ என்று, அந்தத் தமிழ் என்னுடையது. (அதை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். என் கணவரே படித்ததில்லை.)

அந்த வருடம் நான் ரொம்பக் களைத்துப் போயிருந்தேன். பெரிய காரணம் எதுவும் கிடையாது. மந்தைவெளியிலிருந்து ராயப்பேட்டைக்குப் போகிற பஸ், மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு போனது. வீட்டில் மகளுக்கு மாதாந்திரப் பரீட்சை மாதத்துக்கு மூன்று முறை வந்தது. நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் ஆங்கிலத்தில் எது வந்தாலும் என் மேஜைக்கு வந்தது. அப்படித்தான் ஒரு நாள் ஒரு பயிற்சியாளர் வந்தார்.

புலம்பெயர்ந்தவர்களுக்கும் அகதிகளுக்கும் ஒலியாலும் அசைவாலும் மனக்காயத்தை ஆற்றுவது அவருடைய துறை. நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். அடையாறில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும். முதல் நாள் எல்லோரும் மரமானோம். இரண்டாம் நாள் காற்றானோம். மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூங்கிப்போனோம். அதற்கு ‘ஆழ்ந்த உள்வாங்கல்’ என்று நான் பெயர் வைத்தேன்.

நான்காம் நாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன கையேட்டை நான் தமிழாக்கினேன். “நீங்கதானே மேடம் மொழிபெயர்த்தீங்க, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று சொல்லி, அவர் விட்டுப்போன வெண்கலக் கிண்ணத்தையும் அலுவலகத்தில் என் கையில் கொடுத்துவிட்டார்கள். விளிம்பில் மரக்குச்சியைத் தேய்த்தால் ‘ஙொய்ய்ய்’ என்று சத்தம் வரும் கிண்ணம். குக்கர் புத்தகத்தை மொழிபெயர்த்தவரைச் சாம்பார் வைக்கச் சொல்லலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. ‘ஒலி–அசைவு வழிநடத்துநர்’ என்ற பதவிப் பெயர் விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடித்தது. அந்த இரண்டு வரிக்கு நான் மயங்கிவிட்டேன்.

கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ‘சக்தி’ என்று போட்டிருந்தேன். ‘ஆற்றல்’ என்று போட்டிருக்கலாம். போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

என்னிடம் வந்து மாட்டிக்கொண்டவர்கள் பதினொரு பெண்கள். எல்லோரும் பல வருடங்களுக்கு முன்பு இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள். சிலர் நகரத்தில் வாடகை வீடுகளில் இருந்தார்கள், சிலர் நகரத்துக்கு வடக்கே முகாமில் இருந்தார்கள். ராயப்பேட்டையில் ஒரு அறக்கட்டளைக்குச் சொந்தமான பழைய ஹாலை ஞாயிற்றுக்கிழமைகளில் சோதனை முயற்சியாக எங்களுக்குத் தந்திருந்தார்கள். அந்தப் பெண்களில் மூத்தவர் மகேசக்கா. முதல் வகுப்புக்கு முன்னால் அவருக்கு நான் போன் செய்தேன்.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக்கா. எல்லாருக்கும் ஒரு ஆறுதலா இருக்கட்டும்னுதான்.”

“ஓம் தங்கச்சி. நாங்கள் ஆறுதலா வாறம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அலுவலக அறிக்கையில் ‘ஆறுதலுக்காக வருகிறோம் என்று அவர்களே கூறினர்’ என்று எழுதினேன். ஞாயிறன்று பத்து மணியிலிருந்து கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பதினொன்றரைக்குத்தான் வந்தார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு மகேசக்கா ஆச்சரியமாகப் பார்த்தார். “நாங்கள்தான் ஆறுதலா வாறம் எண்டு சொன்னனாங்கள்தானே?” அவர்கள் தமிழில் ‘ஆறுதலாக’ என்றால் நிதானமாக, அவசரமில்லாமல். அறிக்கை போனது போனதுதான்.

புத்தியுள்ளவளாக இருந்தால் அன்றே ஒரு பாடம் கற்றுக்கொண்டிருப்பேன். இவர்கள் தமிழ் வேறு, என் தமிழ் வேறு, கேட்டுக் கேட்டுத்தான் நடக்க வேண்டும் என்று. நானோ ஒரு சொல்லைத் திருத்திக்கொண்டதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பை மட்டும் பதினொன்றரைக்கு மாற்றினேன்.

உண்மையைச் சொன்னால் என் வகுப்புக்காக யாரும் வரவில்லை. மகேசக்கா முகாமில் இருந்தார். அவர் தங்கை வசந்தி சைதாப்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில், மாமனார் மாமியார் சகிதம் இருந்தார். முகாமுக்குப் போய்ப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும். வசந்தி வீட்டுக்கு அக்கா வந்தால் உட்கார இடமில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது இந்த ஹால் ஒன்றுதான். நான் கிண்ணத்தைத் தேய்க்கும் நாற்பது நிமிடமும் இருவரும் பொறுமையாகக் கண்ணை மூடிக்கொண்டு கை கோத்து உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் மூலையில் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைப்பார்கள். மற்றவர்களும் அப்படித்தான். என் வகுப்பு அவர்களுக்கு வீட்டு வரி மாதிரி; கட்டிவிட்டுத்தான் உட்கார முடியும்.

சோதனைக் காலம் முடியும் நேரத்தில் அறக்கட்டளையின் நிர்மலா மேடம் ஒரு வகுப்பை நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அவருக்குத் திருப்தி என்றால் ஹால் தொடரும். இல்லையென்றால் ஒரு அபாகஸ் வகுப்புக்குப் போய்விடும்.

“தங்கச்சி, ஹோல் கிடைக்குந்தானே?” என்று மகேசக்கா கேட்டார்.

“நான் பார்த்துக்கறேன்க்கா” என்றேன். பிறகு யார் என்னிடம் எதைக் கேட்டாலும் அந்த வாக்கியத்தை மட்டும் நான் சொல்வதில்லை.

மேடத்துக்காக ஒரு விசேஷப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தேன். கையேட்டின் பதினான்காம் பக்கம்: ‘நாம் அனைவரும் ஒரு படகு. கடலலையின் ஒலியில் கண்மூடி, இருபுறமும் மெல்ல அசைவோம்.’ அலை ஓசையைப் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் நானே போனில் பதிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கச் செலவழித்து, இடுப்புவரை நனைந்து.

அந்தப் பதினொரு பெண்களின் விண்ணப்பப் படிவங்களையும் பூர்த்தி செய்தது நான்தான். ‘வந்த வழி’ என்ற இடத்தில் பதினொரு முறை என் கையாலேயே ‘படகு’ என்று எழுதியிருக்கிறேன். பயந்து, இருட்டில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தவர்களை உட்காரவைத்து, கண்ணை மூடி உங்களைப் படகாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறோமே என்று ஒரு நிமிடம்கூட எனக்குத் தோன்றவில்லை. களைப்பு என்று சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மடத்தனம் என்பதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

அன்று நிர்மலா மேடம் சந்தன நிறத்தில் கைத்தறிப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். ஓரமாக நாற்காலி போட்டோம். “நோ நோ, நானும் எல்லாரோட தரையிலேயே உட்கார்றேன்” என்று சொல்லிவிட்டு வட்டத்தில் மகேசக்காவுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பக்கத்தில் வசந்தி. மகேசக்கா விடியற்காலையில் கிளம்பி, ரயிலும் பஸ்ஸும் மாறி, வாடிப்போய் வந்திருந்தார். வெறும் வயிற்றில் சக்தி பாயாது என்று சொல்லி நான்தான் கீழே கடையிலிருந்து பொங்கலும் வடையும் வரவழைத்து, வேண்டாம் வேண்டாம் என்றவரை வற்புறுத்திச் சாப்பிட வைத்தேன். நெய் சொட்டுகிற பொங்கல்.

“எல்லாரும் பக்கத்துல இருக்கவங்க கையைப் பிடிச்சுக்கோங்க” என்றேன். போனிலிருந்து அலை ஓசை கிளம்பியது. “நாம எல்லாரும் ஒரு படகு. இப்ப வலது பக்கம் சாயறோம். இடது பக்கம் சாயறோம். உங்க சக்தி மெல்ல மேல வருது. அது கை வழியா பக்கத்துல இருக்கவங்களுக்குப் போகுது.”

பதினொரு பெண்களும் ஒரு மேடமும் சாய்ந்தார்கள், நிமிர்ந்தார்கள், சாய்ந்தார்கள். நான் கிண்ணத்தைத் தேய்த்தேன். ஏழெட்டு நிமிடம் அழகாகப் போனது. என் வாழ்க்கையில் நான் திறமைசாலியாக இருந்த ஏழெட்டு நிமிடங்கள் அவை.

“தங்கச்சி,” மகேசக்கா கண்ணைத் திறக்காமலே மெல்லச் சொன்னார், “எனக்குச் சத்தி வருது.”

எனக்குப் புல்லரித்தது. ஒரு மாதமாகக் கிண்ணத்தைத் தேய்க்கிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் வந்ததில்லை. இன்றைக்கு, மேடத்துக்கு முன்னால், வருகிறது. (‘சக்தி’யைச் ‘சத்தி’ என்கிறாரே, வடமொழி எழுத்துச் சேர்க்கையைத் தவிர்த்த நல்ல தமிழ் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். இந்த இடத்தில் என்னை யாராவது ஒரு அறை விட்டிருக்கலாம்.)

“வரட்டும்க்கா. தடுக்காதீங்க” என்றேன்.

“இல்லைத் தங்கச்சி, உண்மையாவே வருது.”

“உண்மையாத்தான் வரும். எங்கேருந்து வருதுன்னு கவனிங்க.”

“வயித்துக்குள்ளையிருந்து மேலை வருது.”

கையேட்டில் ‘சக்தி அடிவயிற்றில் தோன்றி மேலெழும்’ என்றே போட்டிருக்கிறது. அந்த வரிக்கு நான் ‘மேலெழும்’ போடுவதா ‘பொங்கும்’ போடுவதா என்று அரை நாள் யோசித்திருந்தேன்.

அப்போது வாசலில் ஹாலைப் பார்த்துக்கொள்ளும் தாஸ் அண்ணன் ஒரு பக்கெட்டோடு ஓடி வந்து நின்றார். வகுப்பு நடக்கிற நேரம் பார்த்து இவர் ஏன் தரை துடைக்க வருகிறார் என்று எனக்கு எரிச்சல். கண்ணாலேயே போகச் சொன்னேன். அவர் பக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் விரட்டினேன். வசந்தி கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய், “மிஸ், அவவுக்கு...” என்று ஆரம்பித்தார். உதட்டில் விரலை வைத்து அவரையும் அடக்கினேன்.

“இப்ப தொண்டையிலை நிக்குது” என்றார் மகேசக்கா. நெற்றியெல்லாம் வியர்வை.

“அங்கதான்க்கா எல்லாருக்கும் தேங்கும். அடக்காதீங்க. முழுசா விடுங்க. பக்கத்துல இருக்கவங்களுக்குக் கொடுங்க.”

நிர்மலா மேடம் கண்ணை மூடியபடியே நெகிழ்ந்துபோய் அவர் பக்கம் சாய்ந்தார். “கொடுங்கம்மா,” என்றார், “நான் வாங்கிக்கறேன்.”

கொடுத்தார்.

விவரமாக எழுத மனமில்லை. பொங்கல் என்பது தெரிந்தது. சந்தன நிறப் புடவை என்பது தெரியவில்லை. ஹாலில் யாரும் மூச்சுவிடவில்லை. போனில் மட்டும் பெசன்ட் நகர் கடல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிசப்தத்தில், நான் பதிவு செய்யும்போது கவனிக்காத ஒரு குரல், “தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்” என்று அலைக்கு நடுவே நிதானமாகக் கூவிக்கொண்டு போனது. சாப்பாட்டுப் பெயரைக் கேட்டதும் மகேசக்காவுக்கு இரண்டாம் முறை வந்தது.

தாஸ் அண்ணன் பக்கெட்டோடு உள்ளே வந்தார். “நா அப்பவே எட்த்துக்கினு வந்தேன்ல மேடம். நீங்கதானே போ போன்னு தொர்த்தினீங்க.”

“உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“இன்னா மேடம் இப்டி கேக்குறீங்க. அந்தம்மாதான் சொல்லிக்கினே இருந்தாங்களே, சத்தி வருதுன்னு. அவங்க பாஷைல சத்தின்னா வாந்தி. நம்ப வூட்டாண்ட அவங்காளுங்க எவ்ளோ வருசமா கீறாங்க.” துடைப்பத்தை எடுத்துக்கொண்டே என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். “நீங்க தமிழ் பொஸ்தகமெல்லாம் எழுதுறவங்கன்னு சொன்னாங்க.”

நான் போனை எடுத்துக் கடலை நிறுத்தினேன்.

வசந்தி தன் அக்காவுக்குக் கொடுப்பதற்காகப் பையில் ஒரு புது நைட்டி வைத்திருந்தார். மேடத்தைக் கழிவறைக்குக் கூட்டிப்போய் அதைக் கொடுத்தார். பெரிய பெரிய ஊதாப் பூப் போட்ட நைட்டியில், தோளில் ஒரு துண்டோடு, மேடம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவர் வீட்டுக்குப் போய்ப் புடவை எடுத்து வரும்வரை அவருக்கும் போக இடமில்லை.

மகேசக்கா சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். சத்தமே இல்லை, முதுகு மட்டும் குலுங்கியது. “என்னாலை எல்லாருக்கும் ஹோல் போச்சு” என்றார். “இனி எங்கை சந்திக்கிறது?”

அந்த நேரம் எனக்கு இருந்த வெட்கத்தை இன்றைக்கும் சொல்லித் தீர்க்க முடியாது. தப்பு முழுக்க என்னுடையது. பொங்கல் என்னுடையது, கடல் என்னுடையது, படகு என்னுடையது, அடக்காதீங்க என்றது என் வாய். அழுகிறவரோ அவர். கிண்ணத்தைப் பையில் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையேட்டில் இதற்குப் பக்கம் கிடையாது.

வசந்திதான் பேசினார். “அழாதை அக்கா. இஞ்சை வந்த போட்டிலையும் உப்பிடித்தானே செய்தனீ. ராமுழுக்கச் சத்தி. பக்கத்திலை இருந்த பெடியன்ரை மடி முழுக்க.”

“வாயை மூடடி.”

“என்னத்துக்கு மூடுறது?” வசந்தி எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். “பேந்து அந்தப் பெடியனைத்தானே கட்டினவ. எங்கடை அத்தான்.”

முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு எல்லோரும். மகேசக்கா சுவரைப் பார்த்தபடியே சிரிக்க ஆரம்பித்தார், இப்போதும் முதுகுதான் குலுங்கியது. ஊதா நைட்டிக்குள்ளிருந்து நிர்மலா மேடம் மெதுவாகக் கேட்டார், “அவர் கோபப்படலையா?”

“கோவம்தான்,” மகேசக்கா திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “இப்பவும் பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை இருக்கமாட்டார்.”

அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் பேசவிடவில்லை. ஒருவர் படகில் தையல் மிஷினின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். மண்டபம் கரையில் இறங்கிய பிறகுதான் சக்கரத்தை ஊரிலேயே விட்டுவிட்டது தெரிந்ததாம். இன்னொருவர் விட்டுவர மனமில்லாமல் கோழியைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாராம். சிரித்துக்கொண்டே போய், நடுவில் ஒருவர் அழுதார், யாரும் அவரைத் தடுக்கவில்லை, பிறகு அவரே மூக்கைச் சிந்திவிட்டுக் கோழிக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். ஒரு மாதம் கிண்ணம் தேய்த்து எனக்கு ஒருவரும் சொல்லாத கதைகள். கார் வந்து ஹார்ன் அடித்த பிறகும் மேடம் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததால் மொழிபெயர்க்க வழக்கம்போல என் மேஜைக்கு வந்தது. நானே உட்கார்ந்து தமிழாக்கினேன்: ‘மேற்படி மகளிர் குழுவினருக்கு ஞாயிறுதோறும் அரங்கம் தொடர்ந்து வழங்கப்படும். வழிநடத்துநர் தேவையில்லை.’ இதுவரை நான் செய்ததிலேயே பிழை இல்லாத மொழிபெயர்ப்பு அதுதான். பதவி போனது. விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் மகள் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு மகேசக்கா போன் செய்து, “சத்தி மிஸ், ஏன் வாறேல்லை?” என்று கேட்டார். (பெயர் நிலைத்துவிட்டது. பதினொரு பேரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், தாஸ் அண்ணனும்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வெண்கலக் கிண்ணத்தில் தேத்தண்ணிக்குச் சீனி போட்டு வைத்திருந்தார்கள். யாரும் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் மூலையில் பாயில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குரலைக் கேட்டபடியே சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன். அரைத் தூக்கத்தில் வசந்தி கேட்டது காதில் விழுந்தது.

“நேரம் போட்டுது அக்கா. மிஸ்ஸை எழுப்பவோ?”

“விடு. பாவம், சரியாக் களைச்சுப் போச்சுது. ஆறுதலா எழும்பட்டும்.”

எனக்கு விழிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அவர்கள் அர்த்தமா என் அர்த்தமா என்று இந்த முறை நான் ஆராயப் போகவில்லை.

வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னது என் தப்பு. என் கணவர் சிரித்துவிட்டு மறந்துவிட்டார், மகள் மறக்கவில்லை. இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு வேலை குறையவில்லை, பஸ்ஸும் பள்ளமும் குறையவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் விழுந்து, “உடம்புல சக்தியே இல்லடி” என்பேன். உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டுவாள்.

“நல்லதாப் போச்சும்மா. அப்ப பக்கெட்டை உள்ள எடுத்து வெச்சிடட்டுமா?”